நிறம் ஒன்று, கோத்திரம் வேறு: நவரத்தினமும் பிறந்த மாதக் கற்களும்

(ஆனைகட்டியில் நடந்த நம் உறுப்பினர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னை என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜோசியத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எந்த ராசிக்கு எந்தக் கல், எந்த விரலில் போட வேண்டும் என்பதெல்லாம் அவரவர் ஜோசியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. அவர் சொன்ன கல்தான் உங்கள் விரலில் ஏறியிருக்கிறதா என்பது மட்டும்தான் என் விஷயம். பல வருஷங்கள் கற்களைப் பரிசோதிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் என்பதால் இதைப் பேசச் சொன்னார்கள்.

ஆனைகட்டியில் நின்று ரத்தினத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த மலைகளுக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய். நம்மில் பலருடைய முன்னோர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அந்த வழியாகத்தான் பாலக்காட்டுக்கு வந்து அக்ரஹாரம் கட்டிக் குடியேறினார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே அந்த வழியில் கற்கள் போய்க்கொண்டிருந்தன. ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்று சொல்லி, அங்கே செய்த அணிகலன்களைப் புகழ்கிறது. 1985-லிருந்து அங்கே பல முறை அகழாய்வு செய்தார்கள். நீலம், பெரில், பளிங்கு, சூதுபவளம், செவ்வந்திக்கல், கார்னெட் என்று பட்டை தீட்டியவையும், பாதி தீட்டியவையும், உடைந்து எறிந்தவையும் கிடைத்தன. மணிகள் அங்கேயே உருவான தொழிற்கூடம் என்பதற்கு அந்த உடைந்த துண்டுகளே சாட்சி. பெரில் பக்கத்திலுள்ள படியூரிலிருந்தும், நீலம் சிவன்மலையிலிருந்தும் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தீட்டிய மணிகள் கணவாய் வழியாக முசிறிக்குப் போய்க் கப்பல் ஏறின. முசிறியிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளில் முத்து, வைரம், நீலம், மற்ற ஒளிபுகும் கற்கள் இருந்ததைப் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. அதற்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரிலேயே குடம் குடமாகக் கிடைத்தன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கல்லை இன்னொரு கல்லிலிருந்து பிரிப்பது எது? நிறம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சிவப்பு என்றால் மாணிக்கம், பச்சை என்றால் மரகதம், மஞ்சள் என்றால் புஷ்பராகம். வியாபாரத்தில் நடக்கும் முக்கால்வாசி ஏமாற்று இந்த ஒரு நினைப்பின் மேல்தான் நடக்கிறது. நிறம் என்பது கட்டிக்கொண்டிருக்கும் வேஷ்டி மாதிரி. கல்லின் கனிமம்தான் அதன் கோத்திரம்.

மாணிக்கமும் நீலமும் சகோத்திரம். இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மஞ்சளாக இருந்தால் கனக புஷ்பராகம். உலகம் முழுவதும் இதைக் கொரண்டம் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைவீதி வருகிறது. அங்கே ஐந்து வகை மணிகளைச் சொல்லும்போது, தோற்றம் ஒன்று, அழகு மட்டும் ஐந்து என்ற கருத்தை இளங்கோ வைத்திருக்கிறார். இன்றைய விஞ்ஞானத்தோடு அந்த ஐந்தும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் நிறம் வேறாக இருந்தாலும் பிறப்பு ஒன்றாக இருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. மாணிக்கமும் ஸ்பைனல் என்ற கல்லும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் வேறு கோத்திரம். 1783-ல்தான் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டும் வெவ்வேறு கனிமம் என்று பிரித்துக் காட்டினார். அதற்குள் ராஜாக்களே ஏமாந்து முடித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் ராஜ கிரீடத்தில் முன்பக்கம் பதித்திருக்கும் கருப்பு இளவரசர் மாணிக்கம் உண்மையில் ஸ்பைனல். தைமூர் மாணிக்கம் என்று பேர் பெற்றதும் ஸ்பைனல்தான். ராஜாக்களுக்கே இந்தக் கதி.

பெயர் இடம் மாறிய கதை ஒன்றும் இருக்கிறது. வைடூரியம் என்றால் இன்று நமக்குப் பூனைக்கண் கல், கேதுவின் கல். பழைய நாளில் வைடூரியம் என்ற சொல் பெரிலைக் குறித்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வைடூரியம் பிராகிருதத்தில் வேளுரியம் ஆகி, கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆகி, ஆங்கிலத்தில் பெரில் ஆயிற்று. ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு பிரில்லெ என்று பெயர், அதுவும் இதே சொல்லின் பேத்திதான். பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது, வேறெங்கும் அபூர்வம் என்று முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். அந்தப் பெரிலின் பச்சை வடிவம் மரகதம், வெளிர் நீல வடிவம் அக்வாமரின். நம் படியூர்க் கல் அக்வாமரின் வகை. இன்று நாம் வைடூரியம் என்று வாங்கும் நல்ல பூனைக்கண்ணோ க்ரைஸோபெரில் என்ற தனிக் கனிமம். அது கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்தில் கிடைக்கிறது. ஆனால் கண் மாதிரி கோடு தெரியும் கல்லெல்லாம் க்ரைஸோபெரில் ஆகாது. குவார்ட்ஸ் என்னும் பளிங்கு இனத்திலும் அந்தக் கோடு வரும், விலை அதில் சொற்பப் பங்குதான். வைடூரியம் கேட்டு வாங்கும்போது, க்ரைஸோபெரிலா குவார்ட்ஸா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், கடைக்காரர் உட்கார்ந்திருக்கும் தோரணையே மாறிவிடும்.

மஞ்சள் கல்லுக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் சமூகத்தில் அதிகப் பணம் வீணாவது இதில்தான். குருவுக்குக் கனக புஷ்பராகம். அது மஞ்சள் குருந்தம். பல ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் புஷ்பராகத்துக்கு டோபாஸ் என்று போட்டுவிட்டன, டோபாஸ் வேறு கனிமம். மூன்றாவதாக சிட்ரின், அதாவது மஞ்சள் குவார்ட்ஸ். வட இந்திய வியாபாரிகள் இதைச் சுனேலா என்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். பிள்ளைக்கு முப்பத்தாறு வயசு, கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறது. ஆறு காரட்டில் கனக புஷ்பராகம் போடச் சொன்னார் ஜோசியர். மாமியின் இரண்டு வளையலை அழித்துப் பணம் கொடுத்து வாங்கினார்கள். சர்டிபிகேட் இருக்கிறது என்று பெருமையாக நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தேன். சர்டிபிகேட்டில் ஒரு பொய்யும் இல்லை. இயற்கைக் கல், மஞ்சள் நிறம், ஆறு காரட் என்று போட்டு, இனம் என்ற இடத்தில் சின்ன எழுத்தில் சிட்ரின் என்று இருந்தது. இயற்கைக் கல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவர்கள் மேலே படிக்கவில்லை. கடைக்காரர் வாயால் புஷ்பராகம் என்றார், காகிதத்தில் உள்ளதைத்தான் எழுதினார். கேஸ் போட்டாலும் நிற்காது. அந்த மாமி ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் வெறும் மணிக்கட்டை மூடிக்கொண்டதை மட்டும் பார்த்தேன். சிட்ரின் கெட்ட கல் இல்லை. அதற்கு உள்ள விலையில் வாங்கினால் அழகான கல். இரண்டு வளையல் அதற்கு விலையில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேபாரட்டரி வேண்டாம், மில்லிகிராம் காட்டும் தராசு போதும். நகைக் கடைகளிலேயே இருக்கும். மோதிரத்தில் கட்டுவதற்கு முன், உதிரிக் கல்லாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆறு காரட் கல் 1.2 கிராம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஓர் எடை காட்டும், அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. அது சுமார் 0.30 கிராம் என்றால் குருந்தம், 0.34 என்றால் டோபாஸ், 0.45 என்றால் சிட்ரின். குருந்தம் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம், சிட்ரின் இரண்டே முக்கால் மடங்குகூட இல்லை. ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்குதான். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று, இது கோத்திரத்தை மட்டும்தான் சொல்லும். இயற்கைக் கல்லா, செயற்கையா, உள்ளே என்ன வேலை செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

அந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். பாட்டி காலத்துக் கெம்பு அட்டிகை, அதில் கலப்படம் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கலாம். வெர்னாய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, நெருப்பில் அலுமினாப் பொடியை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை 1902-ல் வெளியிட்டார். சில வருஷங்களிலேயே அந்தக் கல் உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. 1930-களில் செய்த அட்டிகையில் செயற்கை மாணிக்கம் இருந்தால் அதில் அதிசயமே இல்லை. பழசு என்பது அசலுக்கு அத்தாட்சி ஆகாது. லென்ஸில் பார்த்தால் செயற்கைக் கல்லுக்குள் கிராமபோன் தட்டின் கோடு மாதிரி வளைந்த வரிகள் தெரியும். பூமியில் விளைந்த குருந்தத்தில் வரிகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். கேரளத்துப் பாலக்கா மாலையில் பச்சையாக இருப்பது பெரும்பாலும் கண்ணாடிதான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, யாரும் அதை மரகதம் என்று சொல்லி விற்கவில்லை. பாகப் பிரிவினையின்போது அதை மரகத மாலை என்று எழுதிக்கொண்டு அக்கா தங்கைகள் சண்டை போடாமல் இருந்தால் சரி.

இன்றைக்கு மாணிக்கத்தில் பெரிய தொல்லை வேறு. வெடிப்பு நிறைந்த மட்டமான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறார்கள். 2004 வாக்கில் இது சந்தைக்கு வந்தது. கல்லைத் திருப்பினால் உள்ளே நீலமாக மின்னும், லென்ஸில் காற்றுக் குமிழி தெரியும். எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்க ஆரம்பிக்கும். ஆசாரி மோதிரத்தைப் பற்றவைக்கும் சூட்டில் கல்லே பாழாகும். மாணிக்கத்தையும் நீலத்தையும் வெறுமனே சூடுபடுத்தி நிறம் ஏற்றுவது வேறு. அது பழைய வழக்கம், சொல்லி விற்றால் தப்பில்லை. மரகதத்துக்கு எண்ணெய் ஊட்டுவதும் அப்படியே. மரகதத்தில் வெடிப்பு இல்லாமல் இருப்பதே அபூர்வம். அதனால் மரகத மோதிரத்தோடு வெந்நீரில் பாத்திரம் தேய்க்காதீர்கள், எண்ணெய் வெளியே வந்து கல் வெளுத்துவிடும்.

வைரத்தைச் சொல்லாமல் விட்டால் மாமிகள் சும்மா விடமாட்டார்கள். ப்ளூ ஜாகர் என்றால் நம்மிடையே ஒரு மயக்கம். ஏழு கல் தோடும் பேசரியும் ப்ளூ ஜாகரில் போட்டேன் என்றால் சம்பந்தி வீட்டில் மரியாதையே தனி. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம். 1870-ல் அங்கே வைரம் கண்டார்கள். வெள்ளைக் கல், வெயிலில் லேசான நீலச் சாயல் காட்டும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அந்த வைரம் நீலமாக ஒளிர்வதுதான் காரணம். அந்தச் சுரங்கத்தில் வேலை நின்று பல காலம் ஆயிற்று. இன்று கடையில் ப்ளூ ஜாகர் என்று சொன்னால் அது ஒரு புகழ்ச்சி வார்த்தை, ஊர்ப் பெயர் அல்ல. இதில் வேடிக்கை, நீல ஒளிர்வு அதிகம் இருந்தால் வெளிநாட்டுச் சந்தையில் பல நேரம் விலையைக் குறைக்கிறார்கள். நாம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதற்கு அவர்கள் கழிவு போடுகிறார்கள்.

வைரம் மாதிரி இருக்கும் அமெரிக்கன் டைமண்ட், அதாவது ஜிர்க்கோனியாக் கல், அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கண்டுபிடிப்பது சுலபம். மாய்ஸனைட் அவ்வளவு சுலபமில்லை. கடையில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துப் பார்க்கிறார்களே, வெப்பத்தை அளக்கும் பேனா, அதற்கு மாய்ஸனைட்டும் வைரம் என்றே தெரியும். லென்ஸில் மேலிருந்து சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமோ அசல் வைரமே. கரிமம்தான், கடினம் பத்துதான், கோத்திரமும் அதேதான். 2023-ல் மத்திய அரசு இதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து வருஷத்துக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பேத்தி கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் வாங்காதீர்கள். அதன் விலை சில வருஷங்களாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திகள் பிறந்த மாதக் கல் கேட்கிறார்கள், அது நம் சாஸ்திரத்தில் உண்டா என்று காலையில் ஒருவர் கேட்டார். கிடையாது. நம்முடையது கிரகத்துக்கு ஒரு கல், அவர்களுடையது மாதத்துக்கு ஒரு கல். பழைய ஐரோப்பிய வழக்கங்களை எடுத்துக்கொண்டு அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் 1912-ல் ஒழுங்கு செய்த பட்டியல் அது. 1967-ல் தான்சானியாவில் கண்டுபிடித்த டான்ஸனைட்டை 2002-ல் டிசம்பரோடு சேர்த்தார்கள். 2016-ல் ஸ்பைனலை ஆகஸ்டில் சேர்த்தார்கள். வியாபாரிகள் போட்ட பட்டியல், வியாபாரத்துக்குத் தக்கபடி வளர்கிறது. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க நல்ல சாக்கு, கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவ்வளவே. செப்டம்பரில் பிறந்தவளுக்கு அவர்கள் பட்டியலில் நீலம். இங்கே நீலம் சனியின் கல், ஜாதகம் பார்க்காமல் போடக் கூடாது என்று பாட்டி பதறுவாள். ஒரே வீட்டில் இரண்டு பட்டியல்.

அந்தப் பட்டியலிலும் நம் பக்கத்துக் கற்கள் இருக்கின்றன. ஜனவரிக்குக் கார்னெட். நம் கோமேதகம் அந்தக் குடும்பத்தில் ஹெஸோனைட் என்ற வகை. மார்ச்சுக்கு அக்வாமரின், படியூர்க் கல். ஜூனுக்கு முத்தும் சந்திரகாந்தக்கல்லும். காங்கேயம் வட்டாரத்துச் சந்திரகாந்தம் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக்கூடத் தெரிந்த சரக்கு. பேத்திக்கு அமெரிக்காவில் வாங்குவதைவிட இங்கிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு போவது மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சந்திரகாந்தம் மெதுவான கல், மோஸ் அளவில் ஆறு. நம் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் ஏழு. தினசரி மோதிரத்தில் போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிவிடும். டாலராகவோ தோடாகவோ போடச் சொல்லுங்கள்.

முத்தும் பவளமும் கல்லே அல்ல, கடலில் உயிர்கள் செய்தவை, சுண்ணாம்பு இனம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு 1961-க்குப் பின் நடக்கவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். இன்று கடையில் கிடைப்பது அநேகமாக எல்லாமே வளர்ப்பு முத்துதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சிவப்புப் பவளம் அன்றும் இன்றும் மத்தியதரைக் கடலிலிருந்து வருகிறது. முசிறிக்கு வந்த இறக்குமதிச் சரக்கிலேயே பவளம் இருந்தது. இரண்டையும் எலுமிச்சம்பழம், வினிகர் பக்கம் கொண்டு போகாதீர்கள். சென்ட் அடித்துக்கொண்ட பிறகு முத்து மாலையைப் போட்டுக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம்.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பில்லில் கல்லின் எடையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கெம்புக்கும் கண்ணாடிக்கும் தங்க விலை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். சர்டிபிகேட்டில் இனம் என்ன, சிகிச்சை ஏதாவது செய்திருக்கிறதா என்ற இரண்டு வரியைக் கட்டாயம் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால், கடைக்காரர் கொடுக்கும் காகிதத்தோடு நிற்காமல், நீங்களாகவே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஜெய்ப்பூரில் 1972-லிருந்து ஒன்று இயங்கி வருகிறது, மும்பையிலும் இருக்கின்றன. மும்பை உறுப்பினர்களுக்குச் சிரமமே இல்லை. கல்லின் விலையோடு ஒப்பிட்டால் பரிசோதனைக் கட்டணம் ஒன்றுமே இல்லை. சோதித்துச் சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லிலேயே எழுதித் தராத கடையில் நான் பெரிய கல் வாங்க மாட்டேன்.

மணி ஆகிவிட்டது, சமையல்கட்டிலிருந்து வாசனையும் வந்துவிட்டது. சாயங்காலம் காபிக்குப் பிறகு முன்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன். லென்ஸ், டார்ச், தராசு எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். கல்லைக் காட்ட விரும்புகிறவர்கள் வரலாம். மோதிரத்தையும் தோட்டையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்துக் கொண்டுவந்தால் பார்க்கச் சௌகரியம், முத்தையும் பவளத்தையும் மட்டும் அலச வேண்டாம். என்ன கல் என்று சொல்வேன். என்ன விலை பெறும் என்று மட்டும் கேட்காதீர்கள். கூட்டம் பார்க்கக் கூச்சமாக இருப்பவர்கள் கடைசியில் வாருங்கள், விளக்கு வைக்கும் வரைக்கும் இருக்கிறேன்.